டிம்சம் கூடை மேசைக்கு வர எத்தனை நிமிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹோட்டல் சீன உணவகங்களின் மதிய நேர டிம்சம் (சிறு கூடைகளில் வரும் சீனப் பலகாரங்கள்) பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். எங்கே எத்தனை வகை, எங்கே வயிறு நிறையச் சாப்பிடலாம், எங்கே தங்க இலை (சாப்பிடக்கூடிய மெல்லிய தங்கத் தகடு) ஒட்டித் தருகிறார்கள் என்று எல்லாம் இருந்தது. ஆவியிலிருந்து இறக்கிய கூடை எத்தனை நிமிடத்தில் மேசைக்கு வருகிறது என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. எங்களைப் போல டிம்சம் செய்யும் வேலையில் இருக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அறுபது வகை வைத்திருக்கும் பஃபேயில் உருப்படியான ஹார் காவ் (இறால் கொழுக்கட்டை) ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். பன்னிரண்டே வகை உள்ள மெனுவில் பன்னிரண்டும் நன்றாக இருக்கலாம். ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹார் காவிலிருந்தே தொடங்கலாம். இறால் பூரணம் வைத்து, உள்ளே இருப்பது இளஞ்சிவப்பாகத் தெரிகிற மாதிரி மெல்லிய தோலில் மடித்து வேகவைப்பது. டிம்சம் அடுக்களையின் தரத்தை எதை வைத்து அறிவது என்று கேட்டால் கான்டனீஸ் (தென் சீனாவின் குவாங்டோங், ஹாங்காங் பக்கத்து) சமையல்காரர்கள் இதைத்தான் காட்டுவார்கள். இதன் தோலில் சாதாரண கோதுமை மாவு கிடையாது. கோதுமையிலிருந்து புரதத்தைக் கழுவி எடுத்தபின் மிஞ்சும் ஸ்டார்ச்சும், மரவள்ளி ஸ்டார்ச்சும்தான். 100 கிராம் கோதுமை ஸ்டார்ச்சுக்கு 40 கிராம் மரவள்ளி ஸ்டார்ச், ஒரு சிட்டிகை உப்பு, 170 மில்லி அளவுக்குத் தண்ணீர், இரண்டு தேக்கரண்டி பன்றிக்கொழுப்பு அல்லது எண்ணெய். வெந்ததும் கண்ணாடி போலத் தெரிவது கோதுமை ஸ்டார்ச்சால். இழுவை வருவது மரவள்ளியால். மரவள்ளி கூடினால் ரப்பராகிவிடும், குறைந்தால் மடிக்கும்போதே விரிசல் விழும்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்ற வேண்டும். ஆறின எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரமே சூட்டைக் குடித்துவிடும். அதனால் பாத்திரத்தையும் முன்பே சுடுநீரில் அலசிச் சூடாக்கி வைப்பார்கள். ஊற்றிக் கிளறி, மூடி, ஐந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். சூடு போதாமல் ஸ்டார்ச் அரைகுறையாக வெந்தால் மாவு உதிரும். அப்புறம் எவ்வளவு பிசைந்தாலும் சேராது, தண்ணீர் தெளித்துச் சரிசெய்யவும் முடியாது, கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். சேர்ந்த மாவைக் கொழுப்பு விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைக்கிறார்கள். தோல் போட உருட்டுக்கட்டை எடுப்பதில்லை. எட்டு கிராம் உருண்டையை எண்ணெய் தடவிய பலகையில் வைத்து, கூர் இல்லாத அகலக் கத்தியைப் படுக்க வைத்து அழுத்தி ஒரு சுழற்று சுழற்றினால் ஏழு சென்டிமீட்டர் வட்டம் வந்துவிடும். மடிப்பு ஏழுக்குக் குறையக் கூடாது என்பார்கள், பத்து, பதின்மூன்று வரை போடுகிறவர்களும் உண்டு. எண்ணிக்கையில் எங்களுக்குப் பெரிய பிடிப்பு இல்லை. மடிப்பெல்லாம் ஒன்றுசேரும் முனை தடித்து மாவாக நிற்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பதின்மூன்று மடிப்புப் போட்டு முனையில் வேகாத கட்டி இருந்தால் அந்தப் பதின்மூன்றால் என்ன பயன்?

பூரணத்தில் எதிரி தண்ணீர். உரித்த இறாலை உப்பும் ஸ்டார்ச்சும் போட்டுப் பிசறி, ஓடும் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி ஒற்றி உலர்த்தி, குளிரில் வைக்க வேண்டும். மொறுமொறுப்புக்காகச் சிலர் சமையல் சோடா சேர்க்கிறார்கள். 300 கிராம் இறாலுக்குக் கால் தேக்கரண்டி, கால் மணி நேரம், அதற்குமேல் போகக் கூடாது. பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். கூடிப்போனால் இறால் கண்ணாடி மாதிரி ஆகி, வாயில் சோப்பு வாடை அடிக்கும். மூன்றில் ஒரு பங்கு இறாலைக் கத்தியின் பக்கத்தால் நசுக்கி, மிச்சத்தைத் துண்டாகவே விட்டு, முதலில் உப்பை மட்டும் போட்டு ஒரே திசையில் கிளற வேண்டும். ஒட்டும் பதம் வந்த பிறகுதான் சர்க்கரை, வெள்ளை மிளகுத்தூள், உருளைக்கிழங்கு ஸ்டார்ச். பொடியாக நறுக்கிய பன்றிக்கொழுப்பும் பிழிந்தெடுத்த மூங்கில் குருத்தும் அதற்குப் பிறகு. எள் எண்ணெய் கடைசியில். அவசரத்தில் எண்ணெயை முதலிலேயே ஊற்றிவிட்டால் இறாலின் புரதம் ஒன்றோடொன்று பிடிக்காது, கடித்தால் பூரணம் உதிரும். கலந்ததை இரண்டு மணி நேரமாவது குளிரவிட வேண்டும், ஒரு தோலுக்குப் பதினைந்து கிராம். ஈரம் மிஞ்சிய இறாலை வைத்தால் வேகும்போது அது தண்ணீர் விடும். அடித்தோல் ஊறிக் கிழியும்.

இவ்வளவு செய்தபின், நல்ல வேகமான ஆவியில் ஐந்திலிருந்து ஆறு நிமிடம். அவ்வளவுதான். வேகம் குறைந்த ஆவியில் பத்து நிமிடம் வைப்பது இதற்கு ஈடாகாது. தோலில் வெள்ளைத் திட்டு இருந்தால் வேகவில்லை என்று பொருள். தோல் வெடித்து இறால் உருண்டை உருண்டையாகச் சுருங்கியிருந்தால் நேரம் கடந்துவிட்டது.

மூடியைத் திறந்த நொடியிலிருந்து என்ன நடக்கிறது என்பதுதான் எங்கள் கடிதத்தின் விஷயம். முதல் ஒரு நிமிடம் தோல் ஒட்டும், மிருதுவாக இருக்கும், அவசரப்பட்டு எடுத்தால் கிழியும், கொஞ்சம் பொறுக்கலாம். இரண்டாவது நிமிடத்திலிருந்து ஐந்தாவது வரை நல்ல நேரம்: சாப்ஸ்டிக்கால் தூக்கினால் தோல் தாங்கும், பல்லுக்கு மெல்லிய எதிர்ப்பு, உள்ளே சாறு. பத்தைத் தாண்டினால் வெந்த ஸ்டார்ச் ஆறி இறுகத் தொடங்குகிறது. கண்ணாடித் தோல் மங்குகிறது, ஓரம் காய்கிறது, அடியில் காகிதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. திரும்பச் சூடாக்கினால் தோல் ஓரளவு இளகும், ஆனால் இறால் இரண்டாம் முறை வெந்து மரக்கட்டையாகும். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும், தப்ப வழியில்லை.

இப்போது பஃபேயைப் பாருங்கள். சூடான உணவை 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் வைப்பது சுகாதாரத்துக்கு அவசியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே சூட்டில், அதே ஈரத்தில் அரை மணி நேரம் உட்காரும் ஹார் காவ் அடியில் ஊறி, மேலே காய்ந்துபோகிறது. இதற்கு அடுக்களையைத் திட்டிப் பயனில்லை, அந்த ஏற்பாடே இந்தப் பண்டத்துக்குப் பொருந்தாது. காலியான பஃபேக் கூடையில் காகிதத்தைக் கவனியுங்கள். வட்ட வட்டமாகத் தோல் ஒட்டிக் கிடந்தால் அந்தக் கூடை எவ்வளவு நேரம் நின்றது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

அதற்காகப் பஃபேக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போனால் எதை எடுப்பது என்று தெரிந்து போங்கள். நின்றாலும் கெடாத வகைகள் நிறைய இருக்கின்றன. கோழிக்கால் அதில் முதல். நகம் வெட்டி, எண்ணெயில் பொரித்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டுத் தோலை உப்பவிட்டு, மசாலா நீரில் வேகவைத்து, கடைசியில் கருப்பு பீன்ஸ் சாஸோடு ஆவியில் வைப்பது. நாலு கட்ட வேலை. எலும்பை விட்டு ஜவ்வு தானாகக் கழலும் பதம் வந்தபின் இன்னும் இருபது நிமிடம் ஆவியில் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தாமரை இலையில் கட்டிய ஒட்டரிசிச் சோறும் அப்படித்தான், இலையே அதற்கு மூடி. கருப்பு பீன்ஸ் போட்ட விலா எலும்புத் துண்டுகளும் தாங்கும். முள்ளங்கிக் கேக்கை உங்கள் கண்முன் கல்லில் போட்டு எடுத்துத் தந்தால் தாராளமாக வாங்கலாம். மாவும் முள்ளங்கியும் சேர்த்து ஒரு மணி நேரம் வேகவைத்து, முழுக்க ஆறவிட்டு, அதன்பிறகு துண்டு போடுவது அது. சூட்டோடு வெட்டினால் நொறுங்கிவிடும். ஹார் காவ், சியோங் ஃபன், பொரித்த வகைகள் ஆகிய மூன்றையும் பஃபேயில் தொடாதீர்கள்.

சியோங் ஃபன் என்பது நீர்க்க கரைத்த அரிசி மாவை மெல்லிய படலமாக இரண்டு நிமிடத்துக்குள் ஆவியில் எடுத்துச் சுருட்டுவது. இனிப்புச் சோயா சாஸை மேசையில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். அடுக்களையிலேயே ஊற்றிக் கொண்டுவந்தால் வருவதற்குள் அடி ஊறிக் கூழாகும். எங்கே எப்போது ஊற்றுகிறார்கள் என்பதை வைத்தே அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

உங்கள் கட்டுரை புகழ்ந்திருந்த மூவகைக் கூடை பற்றி ஒரு வார்த்தை. ஒரே கூடையில் ஹார் காவ், சியூ மாய் (மேலே திறந்த பன்றி இறைச்சிக் கொழுக்கட்டை), சார் சியூ பாவ் (வாட்டிய பன்றி இறைச்சி வைத்த ஆவி பன்) என்று ஒவ்வொன்று வைத்து, மேலே ஒரு துளி தங்க இலை. பார்க்க அழகுதான். ஆனால் ஹார் காவுக்கு ஆறு நிமிடம், சியூ மாய்க்கு ஏழெட்டு நிமிடம், பாவுக்குப் பத்து நிமிடத்துக்குமேல். ஒரே கூடையில் ஒன்றாக ஏற்றி ஒன்றாக இறக்கினால் ஏதாவது ஒன்று கெட்டே தீரும். தனித்தனியாக வேகவைத்து அடுக்கினால் முதலில் வெந்தது ஆறிப்போயிருக்கும். பச்சை, கருப்பு, ஆரஞ்சு என்று தோலில் நிறம் சேர்ப்பதும் இப்படித்தான். உள்ளே இறால் தெரிகிறதா, தோல் வெந்ததா என்று பார்க்கிற ஒரே வழியை நிறம் மறைத்துவிடுகிறது. தங்க இலைக்குச் சுவையே கிடையாது.

சியூ மாயில் பன்றி இறைச்சியைக் கத்தியால் கொத்தியிருக்க வேண்டும். மெஷினில் அரைத்தது கடித்தவுடன் தெரியும், பசை மாதிரி ஒரே சீராக இருக்கும். கொழுப்பு மூன்று பங்கு, சதை ஏழு பங்கு, கூட இறால், ஊறவைத்த ஷீடாகே காளான். சார் சியூ பாவ் மேலே மூன்றாகப் பிளந்து சிரிக்க வேண்டும் என்பது மரபு. ஆவி வேகம் குறைந்தாலோ, நடுவில் யாராவது மூடியைத் திறந்து பார்த்தாலோ பிளக்காது. மேலே மஞ்சள் புள்ளி இருந்தால் மாவு உப்பச் சேர்த்த சோடா சரியாகக் கரையவில்லை. பிட்டதும் மூக்கைக் குத்துகிற வாடை வந்தால் மாவு உப்பச் சேர்த்ததிலிருந்து வரும் அம்மோனியா இன்னும் போகவில்லை, திருப்பி அனுப்புங்கள், சங்கடப்பட வேண்டாம். மூங்கில் கூடையின் மூடி ஆவி நீரை உறிஞ்சிக்கொள்ளும். உலோக மூடியில் அது சொட்டி, பாவின் தலையில் வழுக்கையாக ஈரத்தழும்பு விழும். மூங்கில் கூடை அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததில்லை. ஷியாவ்லாங்பாவ் என்ற சூப் உருண்டையும் இப்போது எல்லா டிம்சம் மெனுவிலும் இருக்கிறது. அது ஷாங்காய்ப் பக்கத்துப் பண்டம், தோல் கோதுமை மாவு. கான்டனீஸ் அடுக்களையில் அது சுமாராக இருந்தால் அதைவைத்து மற்றவற்றை எடைபோட வேண்டாம்.

ஆர்டர் கொடுப்பதில்தான் சாப்பிடுகிறவர் பக்கம் தவறு நடக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து, சீட்டில் பத்து வகைக்கு டிக் போட்டு ஒரே தடவையில் கொடுத்துவிடுகிறார்கள். அடுக்களை அதை வெந்த வரிசையில் அனுப்பும். ஏழெட்டு நிமிட இடைவெளிக்குள் பத்துக் கூடையும் மேசையில், மூன்றுதான் சூடாகச் சாப்பிட முடியும். சுற்றுச் சுற்றாகக் கொடுங்கள்: முதலில் ஹார் காவ், சியூ மாய், ஒரு சியோங் ஃபன். அது பாதி ஆகும்போது அடுத்த மூன்று, பாவும் கோழிக்காலும் மாதிரி. பொரித்தது அதற்குப் பிறகு; சோறோ நூடுல்ஸோ கடைசியில். முட்டை டார்ட்டை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள், அவனில் நேரம் எடுக்கும். நாலு பேருக்கு எட்டிலிருந்து பத்துக் கூடை, ஒரு தட்டு நூடுல்ஸ் போதும். ஹார் காவும் சியூ மாயும் பெரும்பாலும் நாலு நாலாக வரும், பாவ் மூன்றாக. ஐந்து பேர் போனால் இந்தக் கணக்கு இடிக்கும் என்பது ஊரறிந்த சங்கடம். ஹார் காவை முதல் ஒன்று எந்தச் சாஸும் தொடாமல் சாப்பிடுங்கள்.

இந்தச் சாப்பாட்டுக்கு கான்டனீஸ் மொழியில் பெயரே யம் சா, அதாவது டீ குடிப்பது. ஒரு கிண்ணம் டீ, இரண்டு பண்டம் என்று தென் சீன நகரமான குவாங்சோவின் பழைய டீக்கடைகளில் சொல்வார்கள். கொழுப்பு மிகுந்த கூடைகளுக்கு போ லெய் என்ற புளிக்கவைத்த கருநிற டீ பொருந்தும், இறாலுக்கு மல்லிகை டீ. இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றால் சாமந்திப்பூ சேர்த்த போ லெய். முதல் கொதிநீரை ஊற்றி உடனே வடித்துவிட்டு, இரண்டாவதைக் குடிப்பது பழக்கம். இலை ஊறி ஊறிக் கசக்காமல் இருக்க, பக்கத்தில் வெறும் வெந்நீர் ஒரு கெட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கெட்டில் காலியானால் யாரையும் கைதட்டிக் கூப்பிட வேண்டாம். மூடியைச் சாய்த்து வைத்தால் நிரப்பிவிடுவார்கள். பக்கத்திலிருப்பவர் டீ ஊற்றும்போது மேசையில் இரண்டு விரலால் தட்டுவது நன்றி.

சைவம் சாப்பிடுகிறவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் பெயரை நம்பி ஆர்டர் செய்யக் கூடாது. காய்கறி டிம்சத்தின் தோலிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், கீரையின் மேல் ஊற்றுவது சிப்பி சாஸாக இருக்கலாம், முள்ளங்கிக் கேக்கில் காய்ந்த இறாலும் சீன சாசேஜும் இருப்பதுதான் வழக்கம். கூடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதால் மேல் கூடையின் நீர் கீழ்க் கூடையில் சொட்டும், கீழ்க் கூடையின் ஆவி மேலே ஏறும். எனவே சைவக் கூடையை மேலே வைத்தோம் என்ற பதில் போதாது. தனி அடுக்கா என்று கேளுங்கள். ஹார் காவ் தோலில் புரதம் கழுவிய ஸ்டார்ச்தானே என்று குளூட்டன் ஒவ்வாதவர்கள் நினைத்துவிட வேண்டாம். கோதுமையின் மிச்சம் அதில் இருக்கும்.

வகை குறைவாக இருந்தால் ஹோட்டலுக்குப் பெருமை இல்லையே என்று மேலாளர்கள் சொல்வதுண்டு. ஹாங்காங்கின் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் உள்ள லுங் கிங் ஹீன், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் சொல்லும் மிஷெலின் கையேட்டின் 2009 பதிப்பில் மூன்று நட்சத்திரம் வாங்கியது; உலகில் எந்தச் சீன உணவகத்துக்கும் அதற்கு முன் மூன்று கிடைத்ததில்லை. அங்கே டிம்சம் செய்துகொண்டிருந்த மாக் க்வாய் புய் வெளியே வந்து, 2009-இல் ஹாங்காங்கின் மோங் கோக் பகுதியில் இருபது இருக்கை போட்டு டிம் ஹோ வான் என்ற கடையைத் தொடங்கினார். சின்ன மெனு, கேட்ட பிறகே வேகவைப்பது. அதற்கும் நட்சத்திரம் வந்தது. கூடைகளை வண்டியில் அடுக்கி மேசை மேசையாகத் தள்ளி வந்த தள்ளுவண்டிக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் உண்டு, எங்களுக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும்தான். ஆனால் வண்டிக்குப் பெயர்போன ஹாங்காங்கின் லின் ஹியூங் டீக்கடையில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து காத்திருந்ததில்லை. வண்டி அடுக்களையை விட்டு வெளியே வந்ததும் எழுந்து போய், வாசலிலேயே கூடையை எடுத்துக்கொண்டார்கள். கூடத்தைச் சுற்றி வருவதற்குள் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது மூன்று விவரம் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்: ஆர்டர் கொடுத்த பிறகு வேகவைக்கிறார்களா, சுற்றுச் சுற்றாக அனுப்பச் சொன்னால் அனுப்புகிறார்களா, டிம்சத்துக்குக் கடைசி ஆர்டர் எத்தனை மணி. மூன்றாவது பலருக்குத் தெரிவதில்லை. டிம்சம் பிரிவு கடாய் அடுக்களையிலிருந்து தனி. அங்கே வேலை விடிகாலையில் தொடங்கி மதியத்தோடு முடிகிறது. கதவு திறந்து அரை மணி நேரம் கழித்து, ஆவியடுப்பு முழு வேகத்தில் இருக்கும்போது போய் உட்காருகிறவருக்கு நல்ல கூடை கிடைக்கும். மூடப்போகும் நேரத்தில் வருகிறவருக்குக் காலையில் மடித்து மிஞ்சியது கிடைக்கும், அதுவும் நாங்கள் அடுப்பைக் கழுவ ஆரம்பித்த பிறகு.

இப்படிக்கு,
டிம்சம் பலகையில் வேலை பார்ப்பவர்கள்